முதிர்வயதிலும் தடுமாறாமல் நிற்க



இந்த இதழின் ஆரோக்கியப் பாடத்தில் ஒரு எளிய காரியத்தை உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறோம். வயதானவர்கள் ஏன் கீழே விழுகிறார்கள்? விழாதபடி அவர்களைக் காக்க ஏதாவது பயிற்சி உண்டா? இந்தப் பாடத்தைக் குடும்ப ஜெபத்திலோ, பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டத்திலோ, மூத்தோர் கூடுகையிலோ வாசித்துக் கலந்து பேசலாம்.

வேதத்தில் ஒரு விழுதல்

1 சாமுவேல் 4-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஆசாரியனாகிய ஏலிக்கு அப்போது 98 வயது. பார்வை மங்கிப்போயிருந்தது. உடலும் பருத்திருந்தது. போர்க்களத்திலிருந்து வந்தவன், தேவனுடைய பெட்டி பிடிபட்டது என்ற செய்தியைச் சொன்னதும், ஏலி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பின்புறமாக விழுந்து, கழுத்து முறிந்து இறந்துபோனார்.

இந்தப் பகுதியை நாம் பெரும்பாலும் பிள்ளை வளர்ப்பைப் பற்றிய எச்சரிப்பாகவே பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அது சரியே. ஆனாலும் ஒரு மருத்துவர் இதை வாசித்தால் வேறொன்றும் கண்ணில் படும். முதிர்ந்த வயது, மங்கிய பார்வை, கனத்த சரீரம், மனதை உலுக்கும் அதிர்ச்சி ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன. ஒரு முதியவர் விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. பல சிறிய காரணங்கள் ஒன்றாய்க் கூடும்போதுதான் அவர் விழுகிறார்.

உபாகமம் 22-ம் அதிகாரம் 8-ம் வசனத்தையும் பாருங்கள். புதுவீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிலும் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. ஒருவன் விழுந்தபின் அவனைத் தூக்கிவிடுவது இரக்கம். அவன் விழாதபடி முன்னமே சுவர் எழுப்புவதைத் தேவன் வீட்டுக்காரனுடைய பொறுப்பாக வைத்திருக்கிறார். இந்தப் பாடம் அந்தச் சுவரைப் பற்றியதுதான்.

வார்டில் நாம் காண்பது

நம் மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை வார்டுக்கு வருகிற முதியோரிடம் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால், பெரிய விபத்து எதையும் அவர்கள் சொல்வதில்லை. இரவில் கழிப்பறைக்கு எழுந்தபோது, ஈரத் தரையில் கால் வைத்தபோது, யாரோ கூப்பிட்டார்கள் என்று சட்டென்று திரும்பியபோது என்றே சொல்லுகிறார்கள். ஒரு நொடியில் இடுப்பு எலும்பு முறிந்துவிடுகிறது. அறுவை சிகிச்சை நன்றாய் முடிந்தாலும், முன்போல் நடக்கிறவர்கள் எல்லாரும் அல்ல. இடுப்பு முறிந்த முதியோரில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்று பல நாடுகளின் கணக்குகள் காட்டுகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒவ்வொரு ஆண்டும் உலகில் ஏறக்குறைய 6,84,000 பேர் விழுந்ததினால் இறக்கிறார்கள். அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருப்பவர்கள். உயிரிழப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்களாய் இருந்தார்கள். நம் சபைகளின் முன்வரிசை இருக்கைகளைப் பார்த்தாலே இந்தக் கணக்கு விளங்கும்.

எலும்பு முறியாவிட்டாலும் ஒரு கேடு உண்டு. ஒருமுறை விழுந்தவர் பயப்படுகிறார். பயந்தவர் வெளியே போவதைக் குறைக்கிறார். நடக்காத கால் பெலன் இழக்கிறது. பெலன் இழந்த கால் மறுபடியும் தடுமாறுகிறது. ஆராதனைக்குத் தவறாமல் வந்த ஒரு தாயார் திடீரென்று வராமற்போனால், காரணம் இந்தப் பயமாகவும் இருக்கலாம்.

உடல் எப்படி நிலைநிற்கிறது?

நாம் நேராய் நிற்பது ஒரு பெரிய அற்புதம். மூன்று சாட்சிகள் எந்நேரமும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. முதலாவது கண்கள். இரண்டாவது உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு. மூன்றாவது உள்ளங்கால்களிலும் மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். இந்த மூன்றின் செய்தியையும் மூளை ஒப்பிட்டுப் பார்த்து, கால் தசைகளுக்குக் கட்டளையிடுகிறது. உடல் சற்றுச் சாய்ந்தால், நாம் நினைப்பதற்கு முன்பே கணுக்கால் அதைச் சரிசெய்துவிடுகிறது.

வயதாகும்போது மூன்று சாட்சிகளும் மெல்ல மங்குகின்றன. கண்ணில் புரை விழுகிறது. உள்காதின் உணர்வு குறைகிறது. தொடைத் தசைகள் மெலிகின்றன. நம் நாட்டில் நீரிழிவு நோய் மிகுந்திருப்பதால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் உள்ளங்கால் மரத்துப்போகும். மரத்த காலுக்குத் தரை மேடா பள்ளமா என்று தெரியாது.

உணர்வு இழந்த காலைப் பற்றி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். மிஷனெரி பெற்றோருக்கு 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் கைகால்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலியுணர்வு போனதால் தெரியாமல் உண்டாகும் காயங்களே அவற்றைக் கெடுக்கின்றன என்று அவர் காட்டினார். வலியையும் தொடுவுணர்வையும் தேவன் தந்த காவல் என்று எண்ணக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காவல் குறைந்துபோன முதியவருக்கு மற்றக் காவல்களைப் பலப்படுத்துவதே நம் வேலை.

மாத்திரைகளும் காரணமாகலாம். தூக்க மாத்திரை, சில மனநல மாத்திரைகள், அளவு கூடிய இரத்த அழுத்த மாத்திரை ஆகியவை தள்ளாட்டத்தை உண்டாக்கக்கூடும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாய்-சீ என்பது என்ன?

சமநிலைக்கான பயிற்சிகளில் நன்றாய் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று தாய்-சீ. சீன மொழியில் இதன் முழுப்பெயர் தைஜிச்சுவான். இது முதலில் ஒரு தற்காப்புக் கலை. 17-ம் நூற்றாண்டில் ஹேனான் மாகாணத்தின் சென் கிராமத்தில் அந்தக் குடும்பத்தார் இதைப் பயின்றார்கள் என்று வரலாறு சொல்லுகிறது. 19-ம் நூற்றாண்டில் யாங் லூச்சான் என்பவர் அங்கே கற்று, பீக்கிங் நகரத்தில் கற்பித்தார். பொதுமக்கள் எளிதில் கற்கும்படி 24 அசைவுகள் கொண்ட சுருக்க முறையைச் சீன அரசின் விளையாட்டுக் குழு 1956-ல் வகுத்தது. 2020-ல் யுனெஸ்கோ நிறுவனம் இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பார்ப்பதற்கு இது தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருக்கும். குதிப்பதில்லை, ஓடுவதில்லை, மூச்சு வாங்குவதில்லை. முழங்காலைச் சற்றே மடக்கி, உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாய், முழுவதுமாய் மாற்றுகிறார்கள். இடுப்பைத் திருப்புகிறார்கள். முன்னும் பின்னும் பக்கமும் அடிவைக்கிறார்கள். கண்கள் கையைப் பின்தொடர்கின்றன.

இந்த எடைமாற்றம்தான் முக்கியம். கனடா நாட்டில் இரண்டு முதியோர் இல்லங்களில் பொதுவிடங்களில் வைத்த வீடியோ கேமராக்களில் பதிவான 227 விழுதல்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். கால் தடுக்கி விழுந்தவை 21 சதவீதமே. உடலின் எடையைத் தவறாய் மாற்றியதால் விழுந்தவை 41 சதவீதம். எழும்போது, திரும்பும்போது, நிற்கும்போது எடை எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இல்லாமற்போனது. தாய்-சீ பயிற்சி இந்த ஒன்றையே நூறு தடவை பழக்குகிறது.

ஆய்வுகள் சொல்வது

1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் எமரி பல்கலைக்கழகத்தார் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 200 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. 15 வாரம் தாய்-சீ பயின்றவர்களுக்குத் திரும்பத் திரும்ப விழும் அபாயம் ஏறக்குறைய பாதியாய்க் குறைந்தது. அவர்களுடைய விழும் பயமும் குறைந்தது. இதில் ஒரு வியப்பு உண்டு. கருவியின்மேல் நிறுத்தி அளந்தபோது அவர்களுடைய உடல் அசைவு அதிகம் குறைந்திருக்கவில்லை. அசைவு இருந்தும், அவர்கள் விழுவது குறைந்தது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 60 வயதைக் கடந்த 702 பேரிடம் நடந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. வாரம் ஒரு மணி நேரம், 16 வாரம் மாத்திரமே பயிற்சி. அதிலும் விழுதல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

2012-ல் பார்க்கின்சன் நோயுள்ள 195 பேரிடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் செய்த ஆய்வில், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட தாய்-சீ செய்தவர்கள் குறைவாய் விழுந்தார்கள். அதே ஆய்வாளர்கள் 2018-ல் 670 பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லாரும் 70 வயதைக் கடந்தவர்கள், முன்பே விழுந்தவர்கள் அல்லது நடை தளர்ந்தவர்கள். வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், 24 வாரம் தாய்-சீ பயின்றவர்கள், நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவாய் விழுந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தளர்ச்சி தொடங்கிவிட்ட 311 முதியோரிடம் 48 வாரம் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், விழுதல் சற்றுக் குறைந்தது. ஆனால் அது பயிற்சியின் பலன்தான் என்று உறுதியாய்ச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆகவே மிகவும் தளருமுன்னே தொடங்குவது நல்லது. 2019-ல் காக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சமநிலைக்கும் அன்றாட அசைவுகளுக்குமான பயிற்சிகள் விழுதலை 24 சதவீதம் குறைக்கின்றன என்பது உறுதியான முடிவு. தாய்-சீ 19 சதவீதம் குறைக்கக்கூடும், ஆனால் அதற்குச் சான்றின் உறுதி குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். நடைப்பயிற்சி மட்டும் செய்தால் விழுதல் குறையுமா என்பதற்கோ தெளிவான விடை கிடைக்கவில்லை. காலையில் நடப்பது இருதயத்துக்கு நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் நடக்கிறேன், அது போதும் என்றும் இருந்துவிடாதீர்கள்.

விசுவாசிகள் கேட்கும் கேள்வி

தாய்-சீயைக் கிறிஸ்தவர்கள் செய்யலாமா என்ற கேள்வி நியாயமானதே. தைஜி என்ற சொல் சீனத் தத்துவத்திலிருந்து வந்தது. சில ஆசிரியர்கள் தாவோ மதக் கருத்துகளையும் உடலில் ஓடும் சக்தியைப் பற்றிய போதனைகளையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வுகளில் அளக்கப்பட்டதோ உடற்பயிற்சியும் அதன்பின் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதுமே. நாம் பரிந்துரைப்பது கால், இடுப்பு, கண் ஆகியவற்றின் அசைவை மாத்திரமே. தியானமோ மந்திரமோ அதற்குத் தேவையில்லை.

ஆனாலும் ஒருவருடைய மனச்சாட்சி இடங்கொடாவிட்டால் அவரை வற்புறுத்த வேண்டாம். ரோமர் 14-ம் அதிகாரத்தில் உணவு விஷயத்தில் பவுல் காட்டிய வழி இங்கேயும் பொருந்தும். செய்கிறவர் செய்யாதவரை அற்பமாய் எண்ணவேண்டாம், செய்யாதவர் செய்கிறவரைக் குற்றப்படுத்தவும் வேண்டாம். சாதாரண சமநிலைப் பயிற்சிகளுக்கு இன்னும் உறுதியான சான்று இருப்பதால் இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகையில் சரீரப் பயிற்சியின் பலனைத் தேவபக்தியின் பலனுக்குக் கீழே வைத்தார். பலனே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

வீட்டில் பழகுவதற்கு

முதலில் ஒரு சோதனை. கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, 3 மீட்டர் தூரம் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று கடிகாரத்தைப் பார்க்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எண்ணி மருத்துவரைப் பாருங்கள்.

சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள், மயக்கம் வருகிறவர்கள், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக்கூடாது. மற்றவர்கள் அசையாத கனமான நாற்காலியின் முதுகையோ சமையல் மேடையையோ பிடித்துக்கொண்டு, வழுக்காத தரையில், ஒருவர் அருகில் இருக்க, கீழ்க்கண்டவற்றைப் பழகலாம்.

1. எடை மாற்றுதல்: கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலைச் சற்றே மடக்கி நில்லுங்கள். எடை முழுவதையும் மெதுவாய் வலக்காலுக்குக் கொண்டுபோங்கள். இடக்கால் வெறுமையானதை உணர்ந்தபின் திரும்பி வாருங்கள். பக்கத்துக்கு 8 தடவை.

2. குதிகால் அடி: ஒரு காலை முன்னே வைத்து, குதிகால் முதலில் தரையைத் தொடட்டும். அதன்பின் பாதம் பதியட்டும். அதற்குப் பிறகே எடை முன்னே செல்லட்டும். அவசரம் வேண்டாம்.

3. பின்னடி: இதேபோல் பின்னுக்கு. முன்பாதம் முதலில், குதிகால் பிறகு.

4. திரும்புதல்: கழுத்தை மட்டும் வெடுக்கென்று திருப்பாமல், இடுப்பும் தோளும் கண்ணும் சேர்ந்து மெதுவாய் ஒரு பக்கம் திரும்பட்டும்.

5. எழுந்து உட்காருதல்: கூடுமானால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாய் உட்காருங்கள். 5 தடவை தொடங்கி 10 ஆக்குங்கள்.

மூச்சை அடக்கவேண்டாம். முழங்கால் விரல்நுனியைத் தாண்டி முன்னே போகவேண்டாம். வலித்தால் மடக்குவதைக் குறையுங்கள். இவை தாய்-சீயின் முழு முறை அல்ல, அதன் அடிப்படையான அசைவுகள். முழு முறையை நல்ல ஆசிரியரிடமே கற்கவேண்டும். ஆய்வுகளில் பலன் கிடைத்தது நாலைந்து மாதங்கள் விடாமல் செய்தவர்களுக்கே என்பதை மறவாதிருங்கள்.

வீட்டையும் சரிப்படுத்துங்கள். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி, இரவில் ஒரு சிறு விளக்கு, மடிந்து கிடக்கும் மிதியடிகளை அகற்றுதல், தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றுதல், கண்புரைக்குச் சிகிச்சை ஆகியவை கைப்பிடிச்சுவரின் கற்கள்.

உங்கள் காணிக்கையும் சபையும்

அன்பான பங்காளர்களே, அறுவை சிகிச்சை முடிந்து நடந்துபோகிற பாட்டியின் படத்தை இந்தப் பக்கங்களில் அச்சிட முடியும். விழாமலே இருந்துவிட்ட பாட்டியின் படத்தை யாரும் அச்சிட முடியாது. அவர் தன் வீட்டில் அமைதியாய்ச் சமைத்துக்கொண்டிருப்பார். ஆகவே தடுப்புப் பணிக்குக் கொடுப்பது காணாததை விசுவாசித்துக் கொடுப்பதாகும். இடுப்பு முறிந்து வரும் ஏழைகளுக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கைகளுக்கு நன்றியுள்ளவர்களாய் இருக்கிறோம். அது தொடரவேண்டும். அதோடு கைப்பிடிக் கம்பிகளுக்கும் ஊன்றுகோல்களுக்கும் கிராமங்களில் பயிற்சி நடத்தும் பிசியோதெரபி ஊழியர்களுக்கும் உங்கள் இருதயத்தில் ஒரு பங்கு இருக்கட்டும்.

பணத்தைவிட எளிதான ஒரு காரியமும் உண்டு. சபை மண்டபம் வாரநாட்களில் பூட்டிக் கிடக்கிறது. வாரம் இரண்டு காலை அதைத் திறந்து, நாற்காலிகளை வட்டமாய்ப் போட்டு, முதியோரை அழைத்து, ஒரு ஜெபம், ஒரு மணி நேரப் பயிற்சி, ஒரு டம்ளர் காபி என்று வைத்துக்கொள்ளலாம். வாலிபர் சங்கத்தார் ஒவ்வொரு முதியவர் அருகிலும் ஒருவராய் நிற்கலாம். எந்த மதத்தாரானாலும் வரட்டும். தனிமையில் இருக்கும் முதியவருக்குப் பயிற்சியைப்போலவே அந்த வட்டமும் மருந்தாகும்.

சிந்திக்க

1. நம் சபையில் கடந்த ஆறு மாதங்களாக ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட முதியோர் யார்? விழும் பயம் அதற்குக் காரணமா என்று கேட்டோமா?

2. நம் ஆலயத்தின் படிகளிலும் கழிப்பறையிலும் கைப்பிடி உண்டா?

3. நம் வீட்டில் இன்றே செய்யக்கூடிய ஒரு மாற்றம் என்ன?

ஜெபக் குறிப்புகள்

எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் முதியோரின் சுகத்துக்காகவும், அவர்களைப் பராமரிக்கும் மகள், மருமகள், பேரப்பிள்ளைகளின் பொறுமைக்காகவும், தனியே வாழும் விதவைகளின் பாதுகாப்புக்காகவும், பிசியோதெரபி ஊழியர்களின் பெலனுக்காகவும் ஜெபியுங்கள். அலங்கார வாசலண்டையில் சப்பாணியின் கையைப் பிடித்துத் தூக்கிய பேதுருவைப்போல, நாமும் ஒருவருக்குக் கைகொடுக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.